மூடியாச்சு அக்கா

நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்கு முன்னால் அக்கா திரையைப் பார்த்து வாய்விட்டுச் சொல்வார்: "மூடியாச்சு." சொல்லிவிட்டு வலது உள்ளங்கையைத் திரையின் மேல்விளிம்பில் ஒரு கணம் வைத்திருப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. பிறகுதான் கைப்பை தோளுக்கு ஏறும். கதவுவரை போனவர் சில நாள் திரும்பி வந்து இன்னொரு தரம் பார்ப்பதுமுண்டு. கீழ்த்தளத்தில் இருக்கும் கணினிக்கும் இதே மரியாதைதான்.

இதனால் அந்த மருத்துவமனையில் அவருக்கு மூடியாச்சு அக்கா என்று பெயர். டீ கொண்டுவருகிறவர் வாசலிலேயே நின்று, "அக்கா, பிளாஸ்க்கை மூடியாச்சு, சரிபார்த்துக்குங்க" என்று கத்துவார். அக்காவும் சிரிப்பார். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அவர் பிணவறை எழுத்தர். அவரை முதன்முதலாகப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் யாரையோ தேடித்தான் வந்திருப்பார்கள். விசாரணை அறையின் மர மேசைக்குப் பின்னால், ஒரு காது கழன்று செப்புக்கம்பியால் கட்டிய கண்ணாடியும், முழங்கைவரை மடித்துவிட்ட சட்டையுமாக ஐம்பத்தாறு வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியைக் காட்டுவார். "முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறம் சொல்லுங்க." நின்றுகொண்டு சொல்கிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய அனுபவம்.

அவரிடம் இரண்டு ஜோடி செருப்பு உண்டு. கீழே போட்டது மேலே வராது, மேலே போட்டது கீழே போகாது. மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு ஜோடி எப்போதும் ஆளில்லாமல் காத்துக்கொண்டிருக்கும். பிணம் என்ற சொல்லை அவர் வாயில் கேட்க முடியாது. "கீழ நம்ம ஆளு ஒருத்தர் வந்திருக்கார்" என்பார். கீழே குளிர்பெட்டிகளைத் திறந்து மூடும் ஊழியர் இவரை அக்கா என்று கூப்பிடுவார், இவர் அவரை அண்ணே என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்ற வழக்கு இருபது வருடமாகத் தீராமல் கிடக்கிறது.

அரசாங்கப் பதிவேட்டில் உடை என்ற பத்தி இரண்டு விரல் அகலம். அதற்குள் நீலச் சட்டை என்று எழுதலாம், அதற்குமேல் இடமில்லை. "ஊர்ல பாதிப்பேர் நீலச் சட்டைதான். நீலச் சட்டைன்னு எழுதினா யாரைன்னு கண்டுபிடிக்கிறது?" என்று அக்கா வெகுநாளைக்கு முன்பே தனியாக ஒரு நோட்டுப் போட்டுக்கொண்டார். பெயர் தெரியாமல் வருகிறவர்களுக்கு மட்டும். நோட்டுகள் சேர்ந்து அலமாரி நிறைந்ததும், கணினி பழுதுபார்க்க வரும் இளைஞர் அதையெல்லாம் ஒரு குறிப்பு புரோகிராமில் ஏற்றிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய அக்காவின் அந்தக் குறிப்புகளை, பட்டம்பெற்ற மருத்துவர்கள் இறங்கிவந்து கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார்கள்.

"இடது செருப்பில் மட்டும் குதிகால் தேய்ந்திருக்கிறது. சாய்ந்து நடப்பவர்." "வலதுகை நடுவிரலில் மைக்கறை, பழையது. எழுதுகிற வேலை." "சட்டைப்பையில் குழந்தையின் பால்பல் ஒன்று, பேருந்துச் சீட்டில் மடித்து." இப்படித்தான் இருக்கும், ஆளுக்கு ஐந்தாறு வரி. அந்தப் பால்பல்லை வைத்து ஒரு மனைவி வந்து சேர்ந்தார். இவ்வளவையும் எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் அக்கா கையை விரிப்பார். "நினைவா? எழுதறதே மறக்கத்தான். எழுதிட்டா என் வேலை முடிஞ்சுது. இல்லேன்னா வீட்டுக்குப் போய்ச் சோறு எறங்குமா?"

குறிப்புகள் மூன்று கணினிகளில் இருந்தன. கீழ்த்தளத்தில் ஒன்று, ஆளைப் பார்த்தவுடன் எழுத. விசாரணை அறையில் ஒன்று, தேடி வருகிறவர்களுக்குச் சொல்ல. வீட்டில் ஒன்று, ஏனென்றால் தேடுகிறவர்கள் அலுவலக நேரம் பார்த்துத் தொலைபேசியில் அழைப்பதில்லை. ஒன்றில் எழுதினால் இன்டர்நெட் வழியாக மற்ற இரண்டுக்கும் தானே போய்ச் சேரும்படி அந்த இளைஞர் அமைத்துக் கொடுத்திருந்தார். கொடுத்த அன்று ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. எழுந்து போகும்போது புரோகிராமை மூடிட்டுப் போகணும். ஒரு எடத்துல திறந்து போட்டுட்டு இன்னொரு எடத்துல எழுதாதீங்க. திறந்து கிடக்கிறது பழசையே மனசுல வெச்சிட்டிருக்கும். அப்புறம் வந்து அதுல ஒரு எழுத்து தட்டி சேவ் பண்ணீங்க, பழசு எழுந்திருச்சு புதுசு மேல உக்காந்துரும். மூணு மெஷின்லயும்."

"பழசையே மனசுல வெச்சிட்டிருக்குமா? எங்க மாமியார் மாதிரின்னு சொல்லு" என்றார் அக்கா.

நாலு வருடம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. அந்த நாளும் சாதாரணமாகத்தான் தொடங்கியது. மதியம் சாப்பாட்டுக்கு முன், கீழேயிருந்து அண்ணன் போன் செய்தார். "அக்கா, மூணு பேர் ஒண்ணா வந்திருக்காங்க. சீக்கிரம் எறங்குங்க." லாரி மோதிய இருவர், தண்ணீரிலிருந்து எடுத்த ஒருவர். அக்கா எழுந்தார். மேசையில் புரோகிராம் திறந்தபடி கிடந்தது. செருப்பை மாற்ற மறக்கவில்லை, அதை மட்டும் மறந்தார்.

சாயங்காலம்வரை கீழே உட்கார்ந்து மூன்று பேருக்கும் எழுதினார். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று. தண்ணீரிலிருந்து வந்தவர் அறுபத்திரண்டு. முகத்தைக் காட்டி யாரிடமும் கேட்க முடியாத நிலை, அதனால் அவருக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. எழுதி, மூடி, வீட்டுக்குப் போய், வழக்கம்போல வீட்டுக் கணினியில் மூன்றையும் ஒருமுறை வாசித்து, அறுபத்திரண்டின் கீழ் இன்னொரு வரி சேர்த்து மூடினார். சிறிது நேரத்தில் அந்தக் கணினிப் பெட்டியிலிருந்து ரப்பர் கருகும் வாசனை வந்தது. பிறகு அது எழுந்திருக்கவேயில்லை. "நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்றார் வீட்டுக்காரர். லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், பிறருடைய இயந்திரம் என்றால் பறந்துபோய்ச் சரிசெய்வார்.

மறுநாள் காலை விசாரணை அறையில் ஒன்பது பேர் நின்றார்கள். லாரியில் அடிபட்ட இருவரின் சொந்தக்காரர்கள். ஒரே அழுகை. நேற்று மூடாமல் விட்டுப்போன புரோகிராம் திரையில் அப்படியே திறந்து கிடந்தது. ஒருவர் சொன்ன தொலைபேசி எண்ணை அக்கா அதில் தட்டி சேவ் செய்தார். சத்தமில்லை, எச்சரிக்கையில்லை. நேற்று மதியத்துப் பழைய பக்கம், ஒரே ஒரு எண் கூடுதலாக, கீழ்த்தளத்துக் கணினிக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த இருவரையும் அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களுடைய குறிப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. அறுபத்திரண்டின் குறிப்பு இல்லாமல்போனதை யாரும் கவனிக்கவுமில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு தையல்காரப் பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, எடுக்க மறந்து வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். தேடி வந்தது மூட்டை தூக்கும் தம்பியை. வீட்டில் வாய்த்தகராறு, கோபித்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை.

"நீலக் கட்டம் போட்ட சட்டைக்கா. காலர் நைஞ்சுபோச்சுன்னு பிரிச்சு, திருப்பிப் போட்டு நான்தான் தெச்சுக் குடுத்தேன்."

அக்கா குறிப்புகளில் நீலம் என்று தேடினார். திரையில் ஒரு கிழவரும் ஒரு பள்ளிப் பையனும் வந்தார்கள். கட்டம் என்று தேடினார். காலர் என்று தேடினார். ஒன்றுமில்லை. பதிவேடு கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அது மேலதிகாரிகளுக்கு. இரண்டு விரல் அகலத்தில் என்ன இருக்கப்போகிறது? தன் குறிப்பில் இல்லாதது அதில் எப்படி இருக்கும்? அவர் அதைத் திறக்கவில்லை.

"இல்லம்மா. உங்க தம்பி இங்க வரலை. நிம்மதியாப் போங்க."

அந்தப் பெண் எழுந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்க்கா."

அவர்கள் நின்ற இடத்துக்கு நேர்கீழே, நாலாம் எண் பெட்டியில் அறுபத்திரண்டு கிடந்தார். இன்னும் ஒன்பது நாள் கிடந்தார். இருபத்தோராம் நாள் விதிப்படி, கேட்க ஆளில்லாதவர்களின் இடத்தில், எண் எழுதிய ஒரு குச்சியின் கீழ் அடக்கம் செய்தார்கள். உடைகளைக் கொளுத்தினார்கள்.

நாற்பத்தெட்டாம் நாள் அந்தப் பெண் மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் காவல்நிலையத்துத் தாள். எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் பதிவேட்டு நகல் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். "உங்ககிட்ட ஏற்கெனவே கேட்டாச்சுன்னு சொன்னேன்க்கா. இருந்தாலும் தாள்ல வேணுமாம். சும்மா ஒரு கையெழுத்து."

நகல் எழுத வேண்டுமானால் பதிவேட்டைத் திறந்துதான் ஆகவேண்டும். அக்காவின் விரல் பத்தி வழியாக இறங்கி வந்து ஓர் இடத்தில் நின்றது. அறுபத்திரண்டு. ஆண். சுமார் முப்பது. நீலக் கட்டம் சட்டை. நீரிலிருந்து.

திரையில் பார்த்தார். அறுபது இருந்தது. அடுத்தது அறுபத்துநாலு.

திறந்து கிடந்த அந்தப் புரோகிராம், ஒன்பது பேர், ஒரு தொலைபேசி எண், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எதிரே உட்கார்ந்திருந்தவர், "என்னக்கா, ஏதாவது இருக்கா?" என்றார். அந்தக் குரலில் பயமில்லை. ஏற்கெனவே நிம்மதியாகப் போகச் சொல்லப்பட்டவரின் குரல் அது.

"கொஞ்சம் உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா கீழே இறங்கினார். மேல்செருப்போடு இறங்கினார்.

"அண்ணே, தண்ணியில இருந்து வந்தாரே, நீலக் கட்டம். காலரைப் பாத்தோமா நாம?"

"மாசம் நாப்பது பேரைத் திருப்பிப் போடறேன்க்கா. காலரை யார் கண்டா?" அவர் கையுறையைக் கழற்றியபடி குரலைத் தாழ்த்தினார். "நகல் கேட்டா நகலைக் குடுத்து அனுப்புங்க. நீலக் கட்டம் ஊர் பூரா இருக்கு. எதுக்கு இழுத்து விட்டுக்கறீங்க?"

அக்காவுக்கு ஒரு காலர் நினைவுக்கு வந்தது. உள்பக்கம் நைந்து, வெளிப்பக்கம் புதிதாக. ஆனால் அது தான் பார்த்ததா, இல்லை அந்தப் பெண் சொல்லிச் சொல்லித் தன் கண்ணில் வைத்ததா? மறப்பதற்காக எழுதிய ஆள் அவர். எழுதியது போய்விட்டது, மறந்தது மட்டும் மிச்சம். ஆமாம் என்று சொன்னால் ஒருவேளை உயிரோடு எங்கோ மூட்டை தூக்கிக்கொண்டிருப்பவனைப் புதைத்துவிட்டதாக ஆகும். இல்லை என்று சொன்னால் அந்தப் பெண் சாகும்வரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவார்.

கணினி இளைஞரைத் தொலைபேசியில் பிடித்தார். அவர் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டுவது இந்தப் பக்கம் கேட்டது. "பழைய காப்பி முப்பது நாளைக்குத்தான்க்கா வெச்சிருக்கும்."

"இன்னைக்கு நாப்பத்தெட்டு."

"அந்த மூணாவது மெஷின்? வீட்டுல இருக்கிறது?"

"அது செத்துப்போச்சுப்பா. அன்னைக்குச் சாயங்காலமே…" அக்கா பாதியில் நின்றார். "அன்னைக்குச் சாயங்காலமே செத்துப்போச்சு."

"அப்போ அன்னைக்குச் சாயங்காலத்தோடதான் நிக்குது அது. அக்கா, யாரையும் தொட விடாதீங்க. உயிர் வந்து இன்டர்நெட்டைப் பாத்துச்சுன்னா ஒரு நிமிஷத்துல எல்லாம் அழிஞ்சிரும்."

அக்கா வீட்டுக்கு அழைத்தார். வீட்டுக்காரர் எடுத்தவுடனே, "தெரியும், தெரியும். நாளைக்குக் கண்டிப்பா கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்றார்.

"வேண்டாம். தொடாதீங்க. பக்கத்துலயே போகாதீங்க."

"நாப்பத்தெட்டு நாளா தொடலைன்னு திட்டின. இப்போ தொடாதேங்கற. ஒரு முடிவுக்கு வாம்மா."

கூடவே வருவேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்றார். எதற்கு என்று அக்கா சொல்லவில்லை, "ஒரு குறிப்பு வீட்டுல இருக்கு" என்றதோடு சரி. வெயில் இறங்கும் நேரத்தில் கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள். இளைஞர் தரையில் மண்டியிட்டு முதல் வேலையாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். பிறகு பெட்டியைத் திறந்து, கருகிய மின்பாகத்தைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினார். "டேய், ஒரே ஒரு தடவை எழுந்திருடா" என்று பெட்டியிடம் கெஞ்சினார். விசிறி சுற்றத் தொடங்கியது. வீட்டுக்காரர், "என் சோம்பேறித்தனம் இன்னைக்குத்தான் ஒருத்தருக்கு உதவியிருக்கு" என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அறுபத்தொன்று இருந்தது. அறுபத்திரண்டு இருந்தது.

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தனக்குள் வாசித்தார். தோளுக்குப் பின்னால் நின்றவர், "சத்தமாப் படிங்கக்கா. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்" என்றார்.

"ஆண். இடதுகைக் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது, பாரம் விழுந்திருக்கலாம். இரண்டு தோளிலும் காய்ப்பு. நீலக் கட்டம் சட்டை. காலர் நைந்தபின் பிரித்துத் திருப்பித் தைக்கப்பட்டது. மெஷின் தையல், வெள்ளை நூல். நிறம் சேரவில்லை, தையல் நேர். தைத்தவர் தொழில் தெரிந்தவர்."

அதோடு நிறுத்தப் பார்த்தார். கீழே இன்னொரு வரி இருந்தது, அன்று சாயங்காலம் இதே நாற்காலியில் உட்கார்ந்து சேர்த்தது. அதையும் வாசித்தார். "காலரைத் திருப்பித் தைத்துத் தர இவருக்கு ஆள் இருக்கிறது. தேடி வருவார்கள். வந்தால் உடனே கீழே அழைத்துவரவும்."

அந்தப் பெண் அழவில்லை. கழுத்தில் நாடா இல்லை, இருந்தாலும் கை அங்கே போய்த் தேடியது. "நீல நூல் தீந்துபோச்சு" என்றார். "வெள்ளை நூல் போடாதே, எல்லாரும் பாப்பாங்கன்னு கத்தினான். காலரை மடிச்சா உள்ள போயிரும், அதைத் தூக்கி யாருடா பாக்கப்போறான்னு நான்தான் சொன்னேன்."

பிறகு அக்காவிடம் கேட்டார்: "நான் மொதல்ல வந்தேனே. அன்னைக்கு?"

பொய் சொல்ல அக்காவுக்கு நேரம் இருந்தது. இளைஞர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார்.

"கீழதான் இருந்தார். நாலாம் நம்பர் பெட்டி. நான் இதைத் திறந்து போட்டுட்டுப் போனதுல எழுதினது அழிஞ்சுபோச்சு. பதிவேட்டையும் திறந்து பாக்காம இல்லைன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பெண் வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டிக்கொள்ள அவருக்கு வெகுநேரம் ஆனது. திரும்பாமலே, "உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்னு சொல்லிட்டுப் போனேன்" என்றார்.

மறுநாள் அக்கா நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, குறிப்பின் நகலோடு கண்காணிப்பாளரிடம் கொடுத்தார். அவர் படித்துவிட்டுப் பேனாவைத் தட்டினார். "கவனக்குறைவுன்னு நீங்களே ஏம்மா எழுதிக்கறீங்க? தொழில்நுட்பக் கோளாறுன்னு போடுங்க. விஷயம் முடிஞ்சுது."

"மெஷின் சொன்னதைத்தான் செஞ்சுது சார். சொல்லிக் குடுத்தும் செய்யாதது நான்."

எழுத்துப்பூர்வமான கண்டனம் ஒன்று அவருடைய கோப்பில் சேர்ந்தது. அந்தக் குறிப்பை ஆதாரமாக வைத்து மண்ணைத் தோண்ட உத்தரவு வந்தது, எலும்பை எடுத்துச் சோதித்தார்கள், மூன்று மாதத்தில் பொருந்திவிட்டது என்றார்கள். குச்சியில் இப்போது எண்ணுக்குப் பதிலாகப் பெயர் இருக்கிறது. தையல்காரப் பெண் அதன்பிறகு மருத்துவமனைப் பக்கம் வரவில்லை. அவர் கடை இருக்கும் தெருவில் அக்காவும் போவதில்லை, சுற்றிக்கொண்டுதான் பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறார்.

ஓய்வுபெற அவருக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அதே மேசையில்தான் இருக்கிறார். காலையில் முதல் வேலையாகப் பதிவேட்டையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்களை வாய்விட்டுப் படித்து ஒத்துப்பார்க்கிறார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதைப்போல. வீட்டுக் கணினிக்கு இன்டர்நெட் வயர் திரும்பச் செருகப்படவில்லை. அது இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது.

போன வாரம் கீழே ஒருவர் வந்திருந்தார். அக்கா செருப்பை மாற்றி இறங்கி, கையுறை போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார். வந்தவர் போட்டிருந்தது வட்டக் கழுத்துப் பனியன். "அக்கா, இதுல காலர் ஏது?" என்றார் அண்ணன். அக்காவின் இரண்டு விரல்கள் அதற்குள் அந்தக் கழுத்தருகே போய், இல்லாத காலரை மெதுவாகத் தூக்கிப் பார்த்து, மறுபடி மடித்து வைத்தன.